மேயப் போன மதில்

தென்னோலையை மடியில் போட்டு, ஈர்க்கு ஈர்க்காக உரித்து, கத்தி முனையால் இரண்டு பக்கமும் சீவிச் சீவிக் காலடியில் குவித்துக்கொண்டே இதைச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் ஊர்ச் செங்கோல் தேய்ந்து முழங்கை நீளம்கூட இல்லாமல் போய்விட்டது, பௌர்ணமி வருவதற்குள் புதுசு ஒன்று கட்டிக் கொடுக்க வேண்டும், பிள்ளையோ உரித்த ஓலையையெல்லாம் எடுத்து வாயில் வைக்கிறாள், பிடுங்கினால் அழுகிறாள், கொடுத்தால் இருமுகிறாள்.

செங்கோல் மற்ற ஊர்களில் பொன்னில் இருக்குமாம். நத்தைக்கோட்டையில் அது விளக்குமாறு. நத்தைக்கு ஒரே வாசல் இருக்கிற மாதிரி எங்கள் ஊருக்கும் ஒரே வாசல்தான். அந்தப் பெரிய வாசலைக் கூட்டித் தெளித்துக் கோலம் போடுகிற முறை வீடு வீடாகச் சுற்றி வரும், ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமி வரைக்கும் ஒரு வீடு. எந்த வீட்டுக்கு முறைவாசலோ அந்த வீட்டுக்குத்தான் அந்த மாதம் அரசாட்சி. யார் வந்தார், யார் போனார், எவன் காலில் எந்த ஊர் மண் ஒட்டியிருக்கிறது, எந்த வண்டி எதைச் சிந்திக்கொண்டு போனது என்பதெல்லாம் வாசலைக் கூட்டுகிறவளுக்குத்தான் தெரியும் என்று ஊரைக் கட்டினவர்கள் நினைத்தார்கள், அவர்கள் நினைத்ததை நாங்களும் மாற்றவில்லை. கோட்டைச் சாவி விளக்குமாற்றின் கட்டுக்கயிற்றில் தொங்கும். வழக்கு உள்ளவர்கள் விடியற்காலையில் ஆளுக்கு ஒரு குடம் தண்ணீரோடு வர வேண்டும், தெளிக்கத் தண்ணீரைக் கொடுத்துவிட்டு வழக்கைச் சொல்ல வேண்டும், கோலம் முடிவதற்குள் தீர்ப்பும் முடிந்துவிட வேண்டும். அதனால் பெரிய வழக்கு வருகிற அன்றைக்குப் பெரிய கோலமாகப் போடுவார்கள், அண்ணன் தம்பி பாகப் பிரிவினை என்றால் தேர்க்கோலம்.

காவலும் எங்களுக்குக் குறைச்சல் இல்லை. அகழி உண்டு, அதில் முதலை இருப்பதாகப் பலகை உண்டு, அந்தப் பலகைக்குக் கீழேதான் எல்லோரும் துணி துவைப்போம். வாசலுக்கு மேலே ஒரு பீரங்கி உண்டு, அதற்கு அத்தை என்று பேர். அதற்குக் கோபம் வந்தால் ஊர் தாங்காது என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் அது கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை, அதன் வாய்க்குள் மைனா குஞ்சு பொரித்துக்கொண்டிருந்தது. காவல்காரர்கள் நாலு பேர், அதில் ஒருத்தர் என் பிள்ளையோட அப்பா. அவர்களுக்கு மேலே தளபதி மயிலேறும்பெருமாள் மாமா. அவர் காலையில் செக்கு ஆட்டுவார், சாயங்காலம் தளபதியாக இருப்பார், எண்ணெய் வாசனை இரண்டு வேளையும் இருக்கும். இத்தனைக்கும் மேலே ஊரைச் சுற்றி மதில்; சுண்ணாம்பும் கருப்பட்டிப் பாகும் குழைத்துக் கட்டினது, மேலே வண்டி ஓட்டலாம், அவ்வளவு அகலம்.

அந்த மதில்தான் ஒருநாள் காலையில், கோலம் போட்டு முடித்த கையோடு, மெதுவாக எழுந்து மேயப் போனது.

அன்றைக்கு முறை கருவாட்டுக்காரர் வீட்டுக்கு. அந்த வீட்டு அம்மா நிமிர்ந்து பார்த்து, “ஒத்திப் போ, கோலத்த மிதிச்சிராத” என்றார், மதிலும் ஒதுங்கித்தான் போனது. கிழக்கே உவர்நிலத்தில் இறங்கி, கோரையும் நெருஞ்சியும் எருக்கம் இலையும் தின்றபடி மேய்ந்து, பொழுது சாய்ந்து விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்து, வாசலுக்கு இந்தப் பக்கம் தலையும் அந்தப் பக்கம் வாலுமாக ஊரைச் சுற்றிப் படுத்துக்கொண்டது. மறுநாளும் போனது. அதற்கடுத்த நாள் மழை, போகவில்லை.

முதலில் கொஞ்சம் சிரமமாகத்தான் இருந்தது. மதிலில் கொடி கட்டித் துணி காயப்போட்டவர்களின் சேலையெல்லாம் உவர்நிலம் வரைக்கும் போய்வந்தது. ஆனால் மதிலில் வறட்டி தட்டினவர்களுக்குக் கொண்டாட்டம், ஏனென்றால் வறட்டி நாள் முழுக்க வெயிலோடு நடந்து, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிக் காய்ந்து வீடு வந்து சேர்ந்தது. மதிலுக்குள் இருந்த சிறை அறையில் ஒரே ஒரு கைதி, தேங்காய் திருடினவன். அவனும் தினம் மதிலோடு போய் மதிலோடு வந்தான், எந்தப் பக்கம் மழை பெய்திருக்கிறது, எந்த ஊர்ச் சந்தையில் கூட்டம் என்று சாயங்காலம் கம்பிக்கு உள்ளே இருந்து சொல்வான், நாங்கள் வெளியே நின்று கேட்போம். மாடு சாணி போடுகிற மாதிரி மதில் போகிற வழியெல்லாம் சுண்ணாம்பு போட்டது. நல்ல வெள்ளைச் சுண்ணாம்பு, வெற்றிலைக்கும் ஆகும், சுவருக்கும் ஆகும், விடியலில் கூடையோடு போகிற பெண்களுக்குள் அடிதடிகூட நடந்தது.

வாசலும் கதவும் மட்டும் மதிலோடு போகாது. பகலில் பார்த்தால், சுற்றிலும் திறந்த வெளி, நடுவில் ஒரு நிலையும் கதவும் தனியாக நிற்கும். ஆனாலும் யாரும் பக்கவாட்டில் நுழைய மாட்டார்கள். வாசல் என்று ஒன்று இருக்கும்போது வேறு வழியாக நுழைவது மரியாதை இல்லை. மாடுகூட வாசல் வழியாகத்தான் வரும். ஒருநாள் கதவு திறக்க நேரமாகிவிட்டது, வெளியூர்க் கல்யாண வீட்டார் சீர்த்தட்டோடு கதவுக்கு முன்னால் காத்துக்கொண்டு நின்றார்கள், நாங்கள் இந்தப் பக்கம் நின்று அவர்களோடு பேசிக்கொண்டிருந்தோம், நடுவில் கதவு பூட்டியிருந்தது.

காவல்காரர்கள் ஊரோடு இருப்பதா மதிலோடு போவதா என்று ஒரு வழக்கு வந்தது. அதற்கு மயில் கோலம் போட்டார்கள். “மதிலக் காவல் காக்கத்தான் சம்பளம். மதில் எங்க போகுதோ அங்க போங்க” என்று தீர்ப்பானது. மற்ற மூன்று பேரும் கால் வலி என்று இரண்டே நாளில் நின்றுவிட, பிள்ளையோட அப்பாதான் மதில் மேய்ப்பவர் ஆனார். காலையில் தூக்குவாளியில் கஞ்சியும் கையில் கம்புமாகக் கிளம்புவார், சாயங்காலம் மதிலுக்கு முன்னால் பாட்டுப் பாடிக்கொண்டு வருவார். மதில் அவரை ரொம்ப நேசித்தது. வெயில் அவர் தலையில் விழாமல் நகர்ந்து நகர்ந்து நிழல் கொடுக்கும், அதனால் அவர் முன்னைவிடக் கொஞ்சம் வெளுத்தார்.

அவர் பேரை நான் சொல்லவில்லை என்று நீங்கள் கவனித்திருப்பீர்கள். நான் மட்டும் இல்லை, எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் புருஷன் பேரைச் சொல்ல மாட்டாள். மற்றவர்கள் ‘ஏங்க’ என்றாவது கூப்பிடுவார்கள், எனக்கு அதுவும் வராது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். காலையில் அவரை எழுப்ப நான் கண்ட வழி, அவர் பாயை ஒட்டிக் கூட்டுவதுதான். முதலில் மெதுவாகக் கூட்டுவேன். எழுந்திருக்காவிட்டால் கொஞ்சம் பலமாக. அப்புறம் பாயின் ஓரத்தையே கூட்டுவேன். “எந்திரிச்சிட்டேன், எந்திரிச்சிட்டேன், ஏன் இந்தக் கூட்டு கூட்டுற” என்று எழுவார். கல்யாணம் ஆன நாளிலிருந்து எங்கள் வீட்டில் பொழுது இப்படித்தான் விடிகிறது.

இப்படி இருக்கிறவள் வீட்டுக்கு மார்கழிப் பௌர்ணமியில் முறைவாசல் வந்தது. பிள்ளை கைப்பிள்ளை. விளக்குமாற்றையும் சாவியையும் வாங்கும்போது நான் தலையை நிமிர்த்தாததைப் பார்த்து, அவரோட அக்கா சிட்டம்மா மதினி, “நீ கூட்டு. நான் பேசறேன்” என்றார். மதினி குரல் எடுத்தால் அகழிக்கு அந்தப் பக்கம் மேய்கிற கொக்கு பறக்கும். அப்படியே நடந்தது எங்கள் ஆட்சி: நான் குனிந்து கூட்டிக்கொண்டே தீர்ப்பை விளக்குமாற்றிடம் முணுமுணுப்பேன், மதினி அதைக் கேட்டு ஊருக்கு உரக்கச் சொல்வார், கூடவே கொஞ்சம் தன் சரக்கும் சேர்ப்பார்.

“ஆட்டுக்காரருக்கே ஆடு” என்று நான் முணுமுணுத்தால், “ஆட்டுக்காரனுக்கே ஆடு, அதைத் திருப்பிக் குடுக்காம வச்சிருந்தவன் மூஞ்சிய நாளையில இருந்து நான் பார்க்கக் கூடாது” என்று வெளியே வரும்.

நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மாட்டுப்பொங்கல் வரைக்கும்.

மேய்கிறது, அசை போடுகிறது, சாயங்காலம் வீடு திரும்புகிறது, அப்படியானால் மதிலுக்கும் மாட்டுப்பொங்கல் உண்டுதானே என்று தளபதி மாமா கேட்டார். யாருக்கும் இல்லை என்று சொல்லத் தோன்றவில்லை, எனக்கும்தான். ஊரே சேர்ந்து மதிலைக் குளிப்பாட்டியது. கொத்தளத்துக் கொம்புகளுக்கெல்லாம் ஒன்று விட்டு ஒன்று சிவப்பும் நீலமும் அடித்தோம். ஆவாரம்பூவும் வேப்பிலையும் கட்டின மாலையை அதன் கழுத்து எது என்று தெரியாமல் நாலு இடத்தில் போட்டோம். சர்க்கரைப் பொங்கலைத் தின்றுவிட்டு மதில் கண்ணை மூடிக்கொண்டு நின்றது, கண் எங்கே என்று கேட்காதீர்கள், பார்த்தால் தெரியும். அத்தோடு விட்டிருக்கலாம். மாட்டுப்பொங்கல் என்றால் மாட்டை அவிழ்த்துவிட்டுத் தப்பட்டை அடித்து விரட்ட வேண்டும், அதுதான் அழகு என்று விரட்டினார்கள். மதில் மிரண்டு உடம்பைச் சுருக்கியது. தளபதி மாமா அந்த நேரம் பார்த்து, “அத்தைக்கும் ஒரு சந்தர்ப்பம் குடுப்போம்” என்று, மைனாக் குஞ்சுகளைப் பத்திரமாக எடுத்துக் கூடையில் வைத்துவிட்டு, பீரங்கியில் திரியைக் கொளுத்திவிட்டார்.

பகைவன் மேல் ஒருநாளும் வெடிக்காத பீரங்கி எங்கள் மதில் காதருகே வெடித்தது. மதில் அலறிக்கொண்டு ஓடியது. பிள்ளையோட அப்பா அதன் மாலையைப் பிடித்து, “நில்லு, நில்லு, ஒன்னுமில்ல” என்று கூடவே ஓடினார், புழுதி அடங்கிப் பார்த்தால் அவரும் இல்லை, மதிலும் இல்லை. மாட்டுப்பொங்கலுக்கு என்று சிறையில் இருந்த தேங்காய்க்காரனை மட்டும் காலையிலேயே வெளியே விட்டிருந்தார்கள், அதனால் அவன் தப்பித்தான், சிறைதான் போய்விட்டது.

மதில் மேட்டுப் பக்கமாக ஓடி, அண்டை ராச்சியமான கரடிமேட்டுக்குள் புகுந்து, அறுக்க நின்ற சோளக்கொல்லையை மிதித்துப் பாதியைத் தின்று, அங்கே வறண்டு கிடந்த ஏரிக்குள் இறங்கி, நடுவில் அவரை வைத்துச் சுற்றிச் சுற்றிச் சுருண்டுகொண்டது, கன்றைக் காப்பாற்றுகிற பசு மாதிரி, ஆனால் இடைவெளியே இல்லாமல்.

மறுநாள் நான் கோலம் போட்டுக்கொண்டிருக்கும்போது கரடிமேட்டு ஆள் ஒருத்தர் வந்தார். சுற்றிலும் திறந்து கிடக்க, அவரும் கதவு திறக்கிற வரைக்கும் வெளியே நின்றார். ஒரு குடம் தண்ணீரும் கொண்டு வந்திருந்தார்.

“திவான் சொல்லி அனுப்பினாருங்க. அடுத்தவன் கொல்லையில மேஞ்ச மாட்டப் பட்டியில அடைக்கிறது ரெண்டு ஊருக்கும் உள்ள வழக்கம்ங்க. உங்க மதிலுக்கு அது படுத்திருக்கிற எங்க ஏரிதான் பட்டி. உடையவங்க வந்து கூப்பிடணும். மூணு பேர் கூப்பிடலாம். எந்திரிச்சு வந்தா ஓட்டிட்டுப் போயிரலாம். தை அமாவாசைக்குள்ள எந்திரிக்கலன்னா மாடு பட்டிக்குச் சொந்தம்ங்க.”

“அப்ப நாங்க?” என்றார் மதினி.

“மதில் இல்லாத ஊர் கோட்டை இல்லையேங்க, கிராமம்தான. எங்க கிராமமா ஆயிருவீங்க. விளக்குமாறு வேண்டியதில்ல, திவானே பார்த்துக்குவாரு.”

நான் கோலப்பொடியை வைத்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தேன். மதினி குனிந்து கேட்டுவிட்டு, இந்தத் தடவை எதையும் சேர்க்காமல், மெதுவாகவே சொன்னார்: “மதிலுக்குள்ள இருக்கிற ஆளு?”

“மேய்க்கிறவர் மாட்டோட சேர்த்திங்க. மாடு எங்களுதுன்னா அவரும் எங்க ஊர்லதான் இருக்கணும்.” அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்காரும்மா. மதிலுக்கு மேல ஏணி வச்சு, கயித்துல கலயம் கட்டிக் கஞ்சி எறக்குறோம். எங்க ஊருப் பொம்பளைக நான் நீன்னு ஆக்கிக் குடுக்குறாக. நேத்து கோழிக்கொழம்பு” என்றார்.

அந்த நாட்களில் எங்கள் ஊரில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. உவர்நிலத்துக் காற்று நேரே அடுப்படி வரைக்கும் வந்து அடுப்பை அணைத்தது. நாய்களுக்கு எதுவரைக்கும் நம் ஊர் என்று தெரியாமல் போனது, குரைத்துக்கொண்டே வெகுதூரம் போய், வெட்கப்பட்டுத் திரும்பின. சண்டை போட்டுக்கொண்டு தாய்வீடு போகிற பெண்கள்கூடப் போகவில்லை. மதில் தாண்டிப் போனால்தானே போனதாக ஆகும். ஆட்சி செய்கிற வீடு என்று எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள், நான் தரையைப் பார்த்தேன். பிள்ளை சாயங்காலமானால் வாசல் பக்கம் கையைக் காட்டி அழுதாள், அப்பா பாட்டுக் கேட்கிற நேரம் அது.

முதலில் தளபதி மாமா கூப்பிடப் போனார். உடுப்பு மாட்டி, கொம்பூதிகளை அழைத்துக்கொண்டு போய், “நத்தைக்கோட்டை மதிலே, எழுந்து வா” என்று ஆணையிட்டார். கொம்புச் சத்தம் கேட்டதும் மதில் இன்னும் ஒரு சுற்று இறுக்கிக்கொண்டது. உள்ளே இருந்து, “மாமா, தயவுசெஞ்சு ஊதாதீங்க, இங்க கால நீட்ட எடமில்ல” என்று இவர் குரல் வந்ததாம். மாமா திரும்பி வந்து செக்கடியில் உட்கார்ந்துகொண்டார். “நான்தானே வெடிச்சேன்” என்று மாட்டிடம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டாவதாக மதினி போனார். “அழகா, ராசா, என் செல்லக் கோட்டையே, பருத்திக்கொட்டை வச்சிருக்கேன், பிண்ணாக்கு வச்சிருக்கேன்” என்று ஆரம்பித்தவர், அது அசையாததைப் பார்த்து, “எந்திரிக்கிறியா இல்லையா, தின்ன சோறு செரிக்கலயா உனக்கு” என்று முடித்தார். கரடிமேட்டுக் கொக்குகள் பறந்தன. மதில் அசையவில்லை.

மிச்சம் ஒரு ஆள்தான். அமாவாசையன்று காலையில் வாசல் கூட்டிக் கோலம் போட்டுவிட்டு, விளக்குமாற்றைக் கையில் எடுத்துக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் போனேன். ஊரே பின்னால் வந்தது. வழியெல்லாம் மதினி, “ஒரே ஒரு தடவை வாயத் தொறந்து கூப்பிடு, தாயி, உனக்குப் பேசவே வராதுன்னு நெனச்சுக்கிட்டிருக்கானுக” என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

ஏரிக்குள் கரடிமேட்டு ஊரே உட்கார்ந்திருந்தது. வேர்க்கடலை தின்றபடி, பிள்ளைகளை மடியில் வைத்தபடி, திருவிழா மாதிரி. மதிலின் நிழலில் அவர்கள் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த ஊரில் மரம் குறைவு. நடுவில் நம் மதில், சிவப்பும் நீலமும் வெளுத்து, மாலை காய்ந்து, நத்தை மாதிரியே சுருண்டு கிடந்தது. திவான் குடை பிடித்துக்கொண்டு நின்றார். ஒல்லியான மனுஷர், மரியாதையாகத்தான் பேசினார்.

“கூப்பிடும்மா.”

வாயைத் திறந்தேன். காற்று மட்டும் வந்தது.

கூட்டத்தில் சிரிப்பு ஓடியது. திவான் கையைக் காட்டி அடக்கினார். “மதிலக் கூப்பிடக் கூச்சமா இருந்தா, உள்ள இருக்கிற உங்க வீட்டுக்காரரக் கூப்பிடுங்க. அவரு எழுந்தா மதிலும் எழும். அதையும் நான் கணக்குல எடுத்துக்கறேன். ஆனா பேரச் சொல்லிக் கூப்பிடணும். ஏங்கன்னு கூப்பிட்டா இங்க பாதி ஆம்பளைங்க திரும்பிப் பார்ப்பாங்க.”

எந்தப் பெண்ணும் சொல்ல மாட்டாள் என்று தெரிந்துதான் அப்படிக் கேட்டார். ஆனால் நான் சொல்லத்தான் நினைத்தேன், சத்தியமாக. பேரைச் சொன்னால் புருஷன் ஆயுசு குறையும் என்பார்கள். சொல்லாவிட்டால் ஆளே இல்லை என்று ஆகப்போகிறது, அப்புறம் ஆயுசு கூடினால் என்ன குறைந்தால் என்ன. நெஞ்சிலிருந்து அந்தப் பேர் புறப்பட்டது, தொண்டையைத் தாண்டியது, நாக்கின் மேல் ஏறியது, பல்லுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டது. அத்தனை கண்களும் என் உதட்டைப் பார்த்தன. சூரியன் உச்சியைத் தாண்டி இறங்க ஆரம்பித்தது. பிள்ளை என் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்தாள். பேர் வெளியே வரவில்லை.

யார் முகத்தையும் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்தேன். குனிந்தால் தரையெல்லாம் கடலைத்தோல். இத்தனை பேர் நாள் கணக்கில் உட்கார்ந்து தின்று போட்டது. பிள்ளையை மதினியிடம் கொடுத்தேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டேன். கைக்கு வேறு வேலை தெரியவில்லை, கூட்ட ஆரம்பித்தேன்.

சரக், சரக் என்று மதிலை ஒட்டிக் கூட்டிக்கொண்டு போனேன். முதலில் மெதுவாக. அப்புறம் கொஞ்சம் பலமாக. கூட்டத்தில் ஒருத்தர், “இந்தம்மா என்ன பண்ணுது” என்று கேட்டார். நான் மதிலின் அடி ஓரத்தையே கூட்டினேன், பாயின் ஓரத்தைக் கூட்டுகிற மாதிரி.

உள்ளே இருந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, தூக்கக் கலக்கத்தோடு ஒரு குரல் வந்தது: “எந்திரிச்சிட்டேன், எந்திரிச்சிட்டேன், ஏன் இந்தக் கூட்டு கூட்டுற.”

கரடிமேடு முழுக்கச் சிரித்தது. எங்கள் ஊரும் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் மதில் ஒரு பெருமூச்சு விட்டது, செங்கல் செங்கலாகச் சிலிர்த்தது, தினம் காலையில் வாசல் கூட்டுகிற சத்தத்துக்கு எழுகிற மாதிரி, சுற்றுச் சுற்றாகப் பிரிந்து, மெதுவாக எழுந்து நின்றது. நடுவில் பிள்ளையோட அப்பா கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார். தொப்பை வைத்திருந்தது.

திவான் குடையைத் தாழ்த்தினார். “கூப்பிடவே இல்லையேம்மா. கூட்டத்தானே செஞ்சீங்க.”

கூட்டத்தில் இருந்த கரடிமேட்டுப் பெண் ஒருத்தி, முகத்தைக்கூட நிமிர்த்தாமல் சொன்னாள்: “எங்க வீட்டுக்காரர நானும் இப்படித்தாங்க கூப்பிடறேன். இருவது வருஷமா.”

“நானும்தான்” என்று இன்னொருத்தி. “எங்க வீட்ல பாத்திரம் வெளக்கற சத்தம்” என்று வேறொருத்தி. அப்புறம் ஏரி முழுக்கப் பெண்கள், உலக்கைச் சத்தம், வாளிச் சத்தம், இருமல், கதவு, வளையல் என்று ஆளுக்கு ஒன்றாகச் சொன்னார்கள். திவான் தன் சம்சாரம் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பினார். அந்த அம்மா எங்கேயோ பார்த்துக்கொண்டு, கையில் இருந்த சாவிக்கொத்தை லேசாகக் குலுக்கினார். திவானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“இந்தா, வரேன்” என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டு, எங்களிடம், “ஓட்டிட்டுப் போங்க” என்றார்.

ஆனால் நான் கூட்டுவதை நிறுத்தினால் மதிலும் நின்றுவிடும், பாவம், அவ்வளவு பயந்திருந்தது. அதனால் ஏரியிலிருந்து கூட்டிக்கொண்டே வந்தேன், மதில் பின்னாலேயே வந்தது, அவர் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நடந்தார். கை சோர்ந்தபோது கரடிமேட்டுப் பெண்கள் தங்கள் விளக்குமாறுகளோடு வந்து, “எங்க எல்லை வரைக்கும் நாங்க கூட்டறோம், நீ பிள்ளைக்குப் பால் குடு” என்றார்கள். அப்படிக் கூட்டினதுதான் இன்றைக்கு ரெண்டு ஊருக்கும் நடுவில் இருக்கிற ரோடு. விளக்கு வைக்கிற நேரத்துக்கு மதில் ஊரைச் சுற்றிப் படுத்தது, தேங்காய்க்காரன் தானே போய்ச் சிறை அறையில் உட்கார்ந்து செய்தி என்ன என்று அதனிடம் கேட்டான், நாய்கள் மதில் வரைக்கும் ஓடிப்போய்க் குரைத்துவிட்டுத் திருப்தியாகத் திரும்பின.

அதற்கப்புறம் சோளம் அறுத்த மாதங்களில் கரடிமேட்டுச் சோளத்தட்டையில் மேய மதிலை அனுப்புகிறோம். அவர்கள் பிள்ளைகளுக்கு நிழல், சுவர்களுக்குச் சுண்ணாம்பு, எங்கள் மதிலுக்குத் தீனி. அத்தையின் வாய்க்குள் மைனா திரும்ப வந்துவிட்டது, அதனால் திரி யாருக்கும் கிடையாது என்று தீர்ப்பு. அதற்குச் சின்னப் புள்ளிக்கோலமே போதுமானதாக இருந்தது.

பௌர்ணமி வந்தபோது, நீயே வைத்துக்கொள், மதிலுக்கு உன் கைதான் பழக்கம் என்று ஊரே சொன்னது. எனக்கு அதைக் கேட்டு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டேன். அடுத்த முறை தளபதி மாமா வீட்டுக்கு. அவர் உடுப்போடு வந்து, கோணல் மாணலாகக் கூட்டினார், மதிலும் கொட்டாவி விட்டு எழுந்து கிளம்பியது. அன்றைக்கு வெடித்ததை அது மறந்துவிட்டதா என்று பார்க்க மாமா கையை நீட்டினார், மதில் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, எண்ணெய் வாசனைக்குத் தும்மிவிட்டுப் போனது. மாமா அழுதுவிட்டார்.

அப்புறம் நாலைந்து வீட்டுக்கு முறை வந்து போய்விட்டது. அந்த ரோட்டைக் கூட்டித் தேய்ந்த விளக்குமாற்றுக்குப் பதிலாகப் புதுசு கட்டுகிற வேலையை மட்டும் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். இதோ ஈர்க்குச் சேர்ந்துவிட்டது, தட்டி நுனியைச் சமமாக்கிக் கயிறு சுற்ற வேண்டியதுதான். ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது. அன்றைக்குப் பல்லுக்குப் பின்னால் வந்து நின்ற பேர் உள்ளே திரும்பிப் போகவே இல்லை, அங்கேயேதான் நிற்கிறது. சாப்பிடும்போது, தாலாட்டும்போது, தண்ணீர் இறைக்கும்போதெல்லாம் நாக்கில் தட்டுப்படுகிறது, கொஞ்சம் தித்திப்பாகக்கூட இருக்கிறது. இன்றைக்கு அவர் மதிலோடு கரடிமேட்டுப் பக்கம் போயிருக்கிறார், காதில் விழாது, மதினியும் செக்கடிக்குப் போய்விட்டார், பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை, யாரிடமும் சொல்ல மாட்டாள். அதனால் உங்களுக்கு மட்டும், ஒரே ஒரு தடவை, மெதுவாகச் சொல்லிவிடுகிறேன், கிட்ட வாங்க, அவர் பேரு, இருங்க, வாசலில் யாரோ பூவாயி பூவாயி என்று என்னை, அவர்தான், அவர் குரல்தான், மதில் இன்னைக்கு வெள்ளனத் திரும்பிருச்சு போல, இந்தா வந்துட்டேன், பிள்ளையக் கொஞ்சம்